ஆப்பரம்மாவுக்கு இரண்டு பிரிவுபசாரங்கள்

1. இல்லாத புருஷன்

மிஸ் ஹாப்பர் சித்தூருக்கு வந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலால், ஏழெட்டு மாதங்கள் எனக்கு ஒரு புருஷன் இருந்தான். அவனை நான் பார்த்ததே இல்லை. மிஸ் ஹாப்பர் மட்டும் வாரம் தவறாமல் அவனை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இது முப்பதுகளில் நடந்தது. சித்தூர் அப்போது மதராஸ் ராஜதானியில் ஒரு ஜில்லா. எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பாஷையையும் கலந்து பேசிக்கொண்டிருக்கும். நான் வேலூரில் டிரெயினிங் முடித்துவிட்டு அங்கே இரண்டாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். என் நைனா, அதாவது அப்பா, காணிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபைக்கு உபதேசியார். "எங்க சுகிர்தம் கனவு கண்டாக்கூட இங்கிலீஷ்லதான் காணும்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானும் அதை மறுத்ததில்லை.

மிஸ் ஹாப்பர் அமெரிக்காவிலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில், மேல் வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஏறக்குறைய என் வயதுதான். பிள்ளைகள் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் ஆப்பரம்மா ஆயிற்று. சின்னப் பிள்ளைகள் அதையும் சுருக்கி ஆப்பம்மா ஆக்கிவிட்டன. ஆப்பம் என்றால் என்னவென்று ஒருநாள் தட்டில் வைத்துக் காட்டினோம். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமே இல்லை.

அவர் வந்த அன்று ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவர தலைமையாசிரியை எச்.எம். அம்மா என்னைத்தான் அனுப்பினார். பள்ளிக்கூடத்திலேயே நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவள் நான் என்று அவரும் நம்பியிருந்தார். என் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் இங்கிலீஷும் புத்தகத்திலிருந்து வந்ததுதான். ஜட்காவில் என் எதிரே உட்கார்ந்து மிஸ் ஹாப்பர் வாயைத் திறந்தார். சுடுசோற்றை வாயில் போட்டுக்கொண்டு மூக்கால் பேசுவது மாதிரி இருந்தது. ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் கடைசியில் குரல் மேலே போனதால் அது கேள்வி என்று தெரிந்தது. "யெஸ், மிஸ்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார். அவற்றுக்கும் யெஸ் சொன்னேன்.

பிறகு தெரிந்துகொண்டது இது. எனக்குக் கல்யாணமாகிவிட்டதா என்பது முதல் கேள்வி. புருஷன் இதே ஊரில் வேலை பார்க்கிறாரா என்பது இரண்டாவது. என்னை அன்பாக வைத்துக்கொள்கிறாரா என்பது மூன்றாவது.

அதற்கப்புறம் திங்கட்கிழமைதோறும் "மிஸ்டர் சுகிர்தம்" எப்படி இருக்கிறார் என்று கேட்பார். என்னைத்தான் ஏதோ மரியாதையாகக் கேட்கிறார் என்று நினைத்து, "வெரி வெல், தேங்க் யூ" என்பேன். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு ஜதை ஆண்கள் கைக்குட்டை கொடுத்தார். அமெரிக்காவில் இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணி அதை நைனாவுக்குக் கொடுத்தேன்.

கடைசியில் மிஸ் ஹாப்பருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை மாதமாகப் புருஷன் கண்ணில் படவே இல்லையே, இந்தப் பெண்ணை அவன் கொடுமைப்படுத்துகிறானோ என்று கவலைப்பட்டு எச்.எம். அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். எச்.எம். அம்மா என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"ஏண்டி சுகிர்தம், உனக்குக் கல்யாணம் எப்போ ஆச்சு? எனக்கு ஒரு வார்த்தைகூட சொல்லலியே."

நான் ஓடிப்போய் மிஸ் ஹாப்பரிடம் உண்மையைச் சொன்னேன். "நோ ஹஸ்பெண்ட், மிஸ்" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். புருஷன் செத்துப்போய்விட்டான் என்று புரிந்துகொண்டிருந்தார். எச்.எம். அம்மாவே வந்து விளக்கவேண்டியதாயிற்று. விளக்கியதும் மிஸ் ஹாப்பர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

இவ்வளவு நடந்தும் எனக்குப் புத்தி வந்ததா என்றால் வரவில்லை. யெஸ் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

2. லாக்ரிமல்

மூன்று வருஷத்தில் நான் மிஸ் ஹாப்பராகவே மாறிப்போயிருந்தேன் என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் தோளைக் குலுக்கினால் நானும் குலுக்குவேன். அவர் ஆர் எழுத்தை நாக்கை மடித்து உருட்டினால் நானும் உருட்டுவேன். லீவுக்கு ஊருக்குப் போனபோது நைனாவிடம் இரண்டு வார்த்தை அப்படிப் பேசிக் காட்டினேன். அவர் கவலையோடு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இன்னாம்மா, சளி புடிச்சிக்கினு இருக்குதா?" என்று கேட்டார்.

ஒப்பந்தம் முடிந்து அவர் புறப்படும் நாள் நெருங்கியது. பள்ளிக்கூடங்களைக் கவனித்துவந்த கரஸ்பாண்டென்ட் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வயதான மிஷனரி. நல்ல மனிதர், ஆனால் வார்த்தையை எண்ணி எண்ணித்தான் பேசுவார். மிஸ் ஹாப்பர் போன பிறகு மூன்றாம் பாரத்துக்கு, அதாவது இப்போதைய எட்டாம் வகுப்புக்கு, ஆங்கிலத்தை நானே எடுக்கலாம், ஆனால் இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து பார்க்கும்வரை அது பரீட்சார்த்தம்தான் என்றார். சரிப்படாவிட்டால் மதராஸிலிருந்து ஒரு அம்மாளை வரவழைக்கப்போவதாகவும் சொன்னார். நான் மறுபடியும் இரண்டாம் வகுப்புக்கும் கைத்தையலுக்கும் போகவேண்டும். நைனாவோ அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையாரை நிற்கவைத்து, மகள் துரைசானி உட்கார்ந்த நாற்காலியில் உட்காரப்போகிறாள் என்று அறிவித்துவிட்டிருந்தார்.

ஆகவே பிரிவுபசாரக் கூட்டத்தில் என் இங்கிலீஷ் என்னவென்று காட்டிவிடுவதென்று தீர்மானித்தேன். உபசாரப் பத்திரம் எழுதும் பொறுப்பு என்னுடையது. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்ன வார்த்தை எதையும் உள்ளே விடவில்லை. கண்ணீர் என்று எழுத டியர்ஸ் போதாது என்று பட்டது; லாக்ரிமல் என்று எழுதினேன். எச்.எம். அம்மா அதைப் பார்த்து, "என்னம்மா இது, ஆஸ்பத்திரி பாட்டில்ல ஒட்டியிருக்கிற பேரு மாதிரி இருக்குது" என்றார். நான் தோளைக் குலுக்கினேன்.

கூட்டம் அமோகமாக நடந்தது. மாலை, சந்தனம், போட்டோ, பிள்ளைகளின் பாட்டு எல்லாம் உண்டு. உபசாரப் பத்திரத்தைத் தங்க ஓரம் போட்ட காகிதத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் மூக்கால் வாசித்தேன். ஒரு வாக்கியம் மூச்சு விடாமல் அரைப் பக்கம் ஓடியது. முதலில் நான் அழுதேன், அப்புறம் பிள்ளைகள் அழுதார்கள், மிஸ் ஹாப்பரும் அழுதார். கடைசியில் யோசேப்பு மணியடிக்க மறந்து வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். யோசேப்பு எங்கள் பியூன்.

அன்று மத்தியானமே ரயில். சித்தூரிலிருந்து பாகாலா, சந்திரகிரி, திருப்பதி வழியாக ரேணிகுண்டாவுக்குப் போய் அங்கே பம்பாய் மெயிலைப் பிடிக்கவேண்டும். பம்பாயில் கப்பல். சாமான்களைப் பார்த்துக்கொள்ள யோசேப்பு ரேணிகுண்டாவரை கூடப் போனார். ஸ்டேஷனில் மறுபடியும் எல்லாரும் அழுதோம். மிஸ் ஹாப்பர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பாஷை சொல்லிக்கொடுத்த முன்ஷியிடம் கற்ற ஏட்டுத் தமிழில், "நான் உங்களை ஒருபோதும் மறவேன்" என்றார். பிறகு யாரோ சொல்லிக்கொடுத்தபடி, "போய்ட்டு வரேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அன்று காலையிலிருந்தே மழை. நனைந்துகொண்டே கையசைத்தோம்.

3. ஆற்று வெள்ளம்

மறுநாள் முதல் பீரியடே மூன்றாம் பாரம். மிஸ் ஹாப்பரின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் நெட்டை, எனக்குக் கால் தரையில் படவில்லை. எழுந்துகொண்டேன்.

"குட் மார்னிங், கேர்ள்ஸ்" என்றேன். அவரைப்போலவே தலையைச் சாய்த்து, அவரைப்போலவே ஒரு கையைக் காற்றில் வீசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். உற்சாகம் வந்துவிட்டது. வெளியே மழையைக் காட்டி, இது எவ்வளவு அழகான காலைப்பொழுது என்று அவர் வழக்கமாகச் சொல்வதை அவர் குரலிலேயே சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஆங்கிலத்தில் நான் சொன்ன நகைச்சுவைக்கு முதல் தடவையாக ஒரு வகுப்பே சிரிக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. இன்னும் கொஞ்சம் மூக்கை உபயோகித்தேன்.

அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசற்படியில் மிஸ் ஹாப்பர் நின்றிருந்தார். பாவாடை முழங்கால்வரை சேறு. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் யோசேப்பு தலையில் பெட்டியோடு நின்றார்.

சந்திரகிரிக்கு அப்பால் சுவர்ணமுகி ஆற்று வெள்ளம் ரயில் பாதையின் கரையை அரித்துக்கொண்டு போய்விட்டதாம். வண்டியைச் சந்திரகிரியிலேயே நிறுத்திவிட்டார்கள். இராத்திரி முழுவதும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடியுமுன் அதே வண்டியில் திரும்பியிருக்கிறார்கள். எச்.எம். அம்மா அதிர்ந்துபோய் யோசேப்பை விசாரித்தார்.

"நான் இன்னாம்மா பண்றது?" என்றார் யோசேப்பு. "போய்ட்டு வரேன்னு சொல்லிக்கினுதானே போனாங்க. வந்துட்டாங்க."

ஒருவரை அழுது வழியனுப்பிவிட்டு மறுநாளே எதிரில் பார்ப்பது எவ்வளவு சங்கடம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முந்தின நாள் கட்டிப்பிடித்து அழுத டீச்சர்கள் எல்லாரும் வராந்தாவில் அவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். எல்லா வீட்டிலும் பிரிவு விருந்து வைத்தாகிவிட்டது. மறுபடி சாப்பிடக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய அறைக்கு அன்று காலையில்தான் வெள்ளையடிக்க ஆரம்பித்திருந்தார்கள். டைம்டேபிளில் அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதியாகிவிட்டது. பம்பாய்க்குத் தந்தி கொடுத்தார்கள். அந்தக் கப்பல் போய்விடும், அடுத்ததில் இடம் தருகிறோம் என்று பதில் வந்தது. பாதை சரியாகும்வரை அவர் சித்தூரில்தான் இருந்தாக வேண்டும்.

என் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். மூன்று வருஷம் சிநேகிதியாக இருந்தவர் முன்னால் அவரையே நடித்துக் காட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாமென்று போனேன். என்னைக் கண்டதும் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, நான் நிஜமாகவே இப்படித்தான் பேசுகிறேனா என்று கேட்டார். அந்த ஒரு தடவை நான் சொன்ன யெஸ் சத்தியமான யெஸ்.

4. மாங்காய் செய்கிறாயா?

கரஸ்பாண்டென்ட் துரைக்கு இது வசதியாகப் போயிற்று. மிஸ் ஹாப்பர் சும்மாதானே இருக்கிறார், அவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து சுகிர்தத்தின் பாடத்தைப் பார்த்துத் தமது அபிப்பிராயத்தைச் சொல்லட்டும், இன்ஸ்பெக்ட்ரஸ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றார். மதராஸிலிருந்து அம்மாள் வருவதா வேண்டாமா என்பது அந்த ஒரு பீரியடில் முடிவாகிவிடும்.

அன்று பாடம், சாதாரண வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுவது. நோட்ஸ் ஆஃப் லெசன் என்ற பாடக்குறிப்பெல்லாம் அழகாக எழுதி வைத்திருந்தேன். மிஸ் ஹாப்பர் பின் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முன்னால் அவரைப்போலப் பேசவும் முடியவில்லை. வேறு மாதிரிப் பேச எனக்குத் தெரியவும் தெரியாது. குரல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போயிற்று.

"ஷீ லைக்ஸ் மேங்கோஸ்" என்று கரும்பலகையில் எழுதி, இதைக் கேள்வியாக மாற்று என்று நாகம்மாவை எழுப்பினேன். எல்லைக் கிராமத்திலிருந்து வந்த பெண். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. கெட்டிக்காரி. அவள் "ஷீ டூ லைக்ஸ் மேங்கோஸ்" என்றாள். அடுத்தவள் "டூ ஷீ மேங்கோஸ் லைக்ஸ்" என்றாள். மூன்றாமவள் வாயே திறக்கவில்லை.

மிஸ் ஹாப்பராக இருந்தால் என்ன செய்வார்? சரியான வாக்கியத்தை இனிமையாக மூன்று தடவை சொல்வார். நானும் மூன்று தடவை சொன்னேன். புரிந்ததா என்று கேட்டேன்.

"யெஸ், மிஸ்" என்றது மொத்த வகுப்பும்.

என்னை அவர்கள் மிஸ் என்று கூப்பிடுவதில்லை, டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. ஆனால் என்னை நிறுத்தியது அது அல்ல. அந்த யெஸ்ஸை எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லித்தான் ஒரு புருஷனைச் சம்பாதித்தேன்.

சாக்பீஸைக் கீழே வைத்தேன். பாடத்தை விட்டுவிட்டு அந்தப் புருஷன் கதையைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னேன். கைக்குட்டைவரை வந்தபோது வகுப்பு உருண்டது. பின் பெஞ்சில் மிஸ் ஹாப்பரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் பேசுவதுதான் கடினம், காதில் விழுந்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். அந்த நேரத்தில் அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"இப்போ நெசத்தச் சொல்லுங்க. அந்த 'டூ' அங்க எதுக்கு நிக்குது?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு நாகம்மா எழுந்தாள்.

"டூன்னா செய்யின்னுதானே டீச்சர் ஒண்ணாங் கிளாஸ்ல சொன்னாங்க? டூ யூ லைக் மேங்கோஸ்னா, நீ மாங்கா செய்யறியா, உனக்குப் புடிக்குமான்னு கேக்கறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மாங்காய யாரு செய்வாங்க, மரத்துல இல்ல காய்க்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் அது புதிதல்ல. அந்த வயதில் நானும் அதே 'டூ'வில்தான் தடுக்கி விழுந்தேன். ஆங்கிலத்தில் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்றையும் நான் விட்டுவைத்ததில்லை.

"நீ போறியான்னு கேக்கறோம் இல்ல, அந்தக் கடைசில வர்ற 'ஆ' எதுக்கு?" என்றேன். "தெலுங்குல போதாவா. அதுலயும் கடைசில அதே 'ஆ'. கேள்வின்னு காட்டறதுக்கு. அந்த 'ஆ'தான் இந்த 'டூ'. நாம வால்ல வெக்கறோம், அவங்க தலையில வெக்கறாங்க. அதுக்கு வேற வேல ஒண்ணும் இல்ல. ஆளு ஷீயா இருந்தா டூ, டஸ்ஸா மாறும். லைக்ஸ்ல இருக்கிற எஸ்ஸையும் அதுவே எடுத்துக்கும்."

நாகம்மா கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடுகள் அசைந்தன. பிறகு மெதுவாக, சரியாகச் சொன்னாள். பக்கத்துப் பெண்ணும் சொன்னாள். வாய் திறக்காதவளும் சொன்னாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டேன். "மூணு வருசமா இத மிஸ்ஸியம்மாவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றேன்.

"அவங்க அவ்ளோ ஆசையா சொல்லிக்கினு இருந்தாங்க டீச்சர்" என்றாள் நாகம்மா. "புரியலன்னா மொகம் வாடிப்பூடும். பாவம், கடல் தாண்டி வந்திருக்காங்க. அதான் எல்லாரும் யெஸ் மிஸ்னு சொல்லிட்டோம்."

அப்போதுதான் பின் பெஞ்சு எனக்கு ஞாபகம் வந்தது. மிஸ் ஹாப்பரின் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. என் வேலை போய்விடுமே என்றுகூட எனக்கு அந்தக் கணத்தில் கவலை இல்லை. தரை பிளந்து சுவர்ணமுகி அங்கே வந்து என்னைக் கொண்டுபோனால் தேவலை என்றிருந்தது.

அவர் எழுந்து முன்னால் வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் நாகம்மாவின் பெஞ்சில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிள்ளைகளே, வேறு எவை உங்களுக்கு விளங்கவில்லை?" என்று அந்த முன்ஷித் தமிழில் கேட்டார். "தயவுசெய்து சொல்லுங்கள். என் முகம் வாடாது."

வாடித்தான் இருந்தது. ஆனால் அவர் காத்திருந்தார். முதலில் ஒருத்தி கேட்டாள். பிறகு இன்னொருத்தி. 'தி' எங்கே வரும் எங்கே வராது என்றார்கள். பி யு டி புட் ஆனால் சி யு டி மட்டும் ஏன் கட் ஆகிறது என்றார்கள். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பாதிக் கேள்விக்கு மிஸ் ஹாப்பருக்கே விடை தெரியவில்லை. பாதிக்கு நான் தப்பாகச் சொல்லி அவர் திருத்தினார். பள்ளிக்கூட வேலையில் நான் பார்த்த நல்ல பீரியடுகளில் அது ஒன்று. நடத்தியது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வகுப்பு முடிந்து நானும் மிஸ் ஹாப்பரும் வராந்தாவில் நின்றோம். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அந்த 'டூ'வைச் சொல்லிவருகிறேன், அப்படி ஒன்று அங்கே இருப்பதே இன்றுதான் தெரிந்தது என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பிரிவுபசாரத்தில் எல்லாரும் அழுததைப் பார்த்து நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன் என்றார்.

எனக்கு அகராதி வார்த்தை ஒன்றும் வரவில்லை. "தே கிரைடு ஃபார் யூ, மிஸ். நாட் ஃபார் இங்கிலீஷ்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் உபசாரப் பத்திரத்தைச் சந்திரகிரி ஸ்டேஷனில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்ததாகவும், பாதிகூடத் தமக்குப் புரியவில்லை என்றும், நான் வருத்தப்படுவேனே என்று சொல்லாமல் இருந்ததாகவும் சொன்னார். லாக்ரிமல் என்றால் கண்ணீர்தானே, அப்படியானால் டியர்ஸ் என்றே எழுதியிருக்கலாமே என்றார்.

மறுநாள் கரஸ்பாண்டென்ட் துரை கூப்பிட்டு அனுப்பினார். மதராஸ் அம்மாள் வேண்டாம் என்று மிஸ் ஹாப்பர் சொல்லிவிட்டாராம். ஆங்கிலம் என்ற பாதையில் எந்தக் கல் எங்கே கிடக்கிறதென்று சுகிர்தத்துக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் இடறி விழுந்திருக்கிறாள் என்பது அவருடைய அபிப்பிராயமாம். அது பாராட்டுதானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

மீதி நாட்களில் மூன்றாம் பாரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அவர் பேசுவார். பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து நான் நிறுத்துவேன்.

5. திருப்பதி ஸ்டேஷன்

பாதை சரியாகிவிட்டதென்று தகவல் வந்தது. இந்தத் தடவை கூட்டம் இல்லை, மாலை இல்லை. ஒரு மாலையாவது போடலாமே என்று யாரோ சொன்னதற்கு, "வேணாம்மா, மாலை போட்டா மறுபடியும் திரும்பி வந்துடப் போறாங்க" என்றார் எச்.எம். அம்மா. மூன்றாம் பாரத்துப் பெண்கள் கேட்வரைக்கும் வந்தார்கள். நாகம்மா அவரிடம், "டூ யூ லைக் சித்தூர், மிஸ்?" என்று கேட்டாள். மிஸ் ஹாப்பர் தலையை மட்டும் ஆட்டினார்.

திருப்பதிவரை நான் கூடப் போனேன். அங்கே இறங்கினால் எதிர்த் திசையில் வரும் வண்டியைப் பிடித்துச் சாயங்காலத்துக்குள் சித்தூர் திரும்பிவிடலாம். ஆற்றுப் பக்கம் வண்டி ஆமைபோல் ஊர்ந்தது. புதுக் கரையில் கூடையோடு ஒதுங்கி நின்ற கூலியாட்கள் எங்களைப் பார்த்தார்கள்.

திருப்பதி பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. மலையிலிருந்து இறங்கியவர்கள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்றார்கள். வண்டி நின்றதும் எல்லாரும் ஒரே மூச்சில் ஏறப் பார்த்தார்கள். நான் எப்படியோ இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன்.

இந்தத் தடவை நான் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. சின்னதாக ஒரு வாக்கியம் மட்டும் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கார்டு விசில் ஊதினார். நான் வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் பிளாட்பாரமே கோவிந்தா என்று கூவியது. நான் சொன்னது என் காதிலேயே விழவில்லை.

மிஸ் ஹாப்பர் ஜன்னலில் குனிந்து கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவர் ஒரு யெஸ் சொல்லித் தலையாட்டியிருந்தால் போதும். அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்காது, திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

"புரியல" என்றார், எங்கள் பிள்ளைகள் பேசுகிற தமிழில். "இன்னா சொன்ன?"

வண்டி நகர ஆரம்பித்தது. நான் கூடவே நடந்தேன். இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நீங்க இல்லாம எனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொன்னேன்" என்று கத்தினேன்.

அவர் கையைக் காதிலிருந்து எடுத்தார். "எனக்கும்" என்றார். அதற்கப்புறம் ஒரு பெரிய மூட்டை ஜன்னலை மறைத்துவிட்டது. வண்டி போயிற்று. அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. திரும்பும் வண்டியில் ஒரு தெலுங்குக் குடும்பம் எனக்கு லட்டுப் பிரசாதம் கொடுத்தது. உபதேசியார் மகள் நான். அன்றைக்கு இருந்த மனநிலையில் யோசிக்காமல் வாங்கித் தின்றுவிட்டேன். நைனாவிடம் அதைச் சொல்லவில்லை.

வருஷம் பிறந்து இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். மூன்றாம் பாரத்துப் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் சுமாராகப் பதில் சொன்னார்கள். வகுப்பில் டீச்சர் தாய்பாஷையை அளவுக்கு மீறி உபயோகிக்கிறார், குறைத்துக்கொள்ளவேண்டும் என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். நான் குறைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறிப்போடேயே ஓய்வு பெறும்வரை ஆங்கிலம் நடத்தினேன். எனக்கு அப்புறமும் மூக்கால் பேசும் பழக்கம் முழுசாகப் போகவில்லை என்று பழைய மாணவிகள் சொல்கிறார்கள்.

இதைப் படிக்கிற இளம் டீச்சர்களுக்கு ஒரே ஒரு விஷயம். பாடம் முடிந்ததும் புரிந்ததா என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் நல்லவர்கள், உங்கள் முகம் வாடுவதைப் பார்க்க அவர்களுக்கு மனசு வராது, யெஸ் என்றுதான் சொல்வார்கள். எது புரியவில்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும் பேசாமல் உட்கார்ந்திருங்கள். யாராவது ஒருத்தி எழுந்திருப்பாள்.